வக்கீல் உள்ளே வரக் கூடாது

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு மூலஸ்தானம் இரண்டு. ஒன்று மலையடிவாரத்தில். மற்றது வேங்கிக்காலில், வேலூர் சாலையில். முதலாவதில் கேட்டது கிடைக்காவிட்டால் ஊழ்வினை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் கேட்டது கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை வரலாம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறைதீர்க்கும் கூட்டத்தில் முதலில் வரவேற்பது போலீஸ். பையைத் திற. பாட்டிலை எடு. மூடியைத் திருகி மோந்து பார்ப்பார்கள். தண்ணீரா, மண்ணெண்ணெயா? 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பமே தீக்குளித்துச் செத்தது. பலமுறை மனு கொடுத்துப் பார்த்த குடும்பம். அந்தச் சாவிலிருந்து அரசாங்கம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மனுவைப் படிக்க வேண்டும் என்ற பாடம் இல்லை. பாட்டிலை மோந்து பார்க்க வேண்டும் என்ற பாடம்.

பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, ஏரிக் கால்வாயை எவனோ மறித்துவிட்டான் என்று ஆயிரம் மனு. ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அதில் ஒரு நம்பர் இருக்கும். நம்பரை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். காத்திருப்பதற்குத் தடை இல்லை.

இதே ஆபீசில் இன்னொரு வேலையும் நடக்கிறது. அதற்குக் கூட்டம் இல்லை, வரிசை இல்லை, சீட்டு இல்லை. மறுநாள் பேப்பரில் ஐந்து வரிச் செய்தியாக வரும். அந்த வாக்கியங்கள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எஸ்.பி. பரிந்துரை செய்தார். கலெக்டர் உத்தரவிட்டார். குண்டர் சட்டத்தில் ஓராண்டு சிறை. வேலூர் மத்திய சிறையில் ஏற்கெனவே இருக்கும் அவரிடம் உத்தரவின் நகல் வழங்கப்பட்டது. அவ்வளவுதான். குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று செய்தியில் தேடாதீர்கள். தேவையில்லை. எதிர்காலத்தில் இவர் ஏதாவது செய்துவிடக்கூடும் என்று அதிகாரி நம்பினால் போதும். நாடி ஜோதிடம் வைத்தீஸ்வரன்கோவிலில் மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று யார் சொன்னது?

மனு வாங்குகிற பதவியும் இந்தக் கையெழுத்தைப் போடுகிற பதவியும் ஒன்று. பட்டா பெயர் மாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஒருவனை ஓராண்டு உள்ளே வைக்க ஒரு பேனா போதும்.

உள்ளே போனவனுக்கு ஒரு வாசல் உண்டு என்பார்கள். அறிவுரைக் கழகம். மூன்று பேர். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்கள், அல்லது இருக்கத் தகுதி உள்ளவர்கள். அவர்கள் முன்னால் போய்த் தன் கதையைச் சொல்லலாம். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். மும்பையில் துப்பாக்கியோடு பிடிபட்ட கசாபுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்துக் கொடுத்த நாடு இது. செய்ததும் சரிதான், நீதிமன்றம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் செய்யாறு தாலுகாவில் தன் நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்த ஒரு விவசாயி, தன்னை ஏன் ஓராண்டு அடைக்கிறீர்கள் என்று கேட்கப் போகும்போது வாசலில் வக்கீலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பைக் கழற்றுவதுபோல.

இப்படி ஒரு சட்டத்தை வக்கீல் வாசனையே படாதவர்கள் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். எழுதியவர்களிலேயே வக்கீல்கள் உண்டு. கறுப்பு அங்கி போட்டு, நீதிபதியின் முன் நின்று, குடிமகனின் உரிமை என்று தொண்டை கிழியப் பேசி, அந்தப் பேச்சால் ஓட்டு வாங்கி, சட்டசபைக்குள் போய் உட்கார்ந்தவர்கள். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்கள்.

எப்போதும் இப்படியா இருந்தது? இல்லை. சேலத்தில் ஒருவர் இருந்தார்.

சி. விஜயராகவாச்சாரியார். 1852ல் செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், வாத்தியார் வேலை பார்த்தார், 1881ல் வக்கீலானார். மறு வருஷமே அவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார். 1882ல் சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம். தூண்டிவிட்டவர் இவர் என்று போலீஸ் கேஸ். பத்து ஆண்டு தண்டனை. இன்றைய வக்கீல் தலைவராக இருந்தால் நெஞ்சு வலி வந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஏசி அறை போட்டிருப்பார்கள். இவர் வழக்காடினார். மேல்முறையீட்டில் விடுதலையானார். வெளியே வந்து சும்மா இருக்கவில்லை. அதே கேசில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு அவர்களையும் மீட்டார்.

அதோடு விட்டாரா? சேலம் நகராட்சியில் அவர் உறுப்பினர். கேசைக் காட்டி அரசாங்கம் அந்தப் பதவியைப் பறித்திருந்தது. விளக்கம் கேட்கவில்லை. நோட்டீஸ் இல்லை. மனுஷன் நேரே இந்தியாவுக்கான செயலர் மீதே வழக்குப் போட்டார். அதாவது லண்டனில் உட்கார்ந்து இந்தியா முழுவதையும் ஆண்டுகொண்டிருந்த மந்திரி மீது, சேலத்தின் ஒரு முன்னாள் கவுன்சிலர். 1884ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு நூறு ரூபாய். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஒரு சேலத்து வக்கீலுக்கு நூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தது. ‘விஜய ராகவா’ வழக்கு என்று இன்றும் சட்டப் புத்தகங்களில் அது கிடக்கிறது. நம் வக்கீல் தலைவர்கள் அதைச் சட்டக் கல்லூரியில் படித்திருப்பார்கள். எம்.எல்.ஏ. ஆனதும் மறந்திருப்பார்கள்.

நான் அவருக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. சிலைகளுக்கு இங்கே பஞ்சமும் இல்லை, காக்கைகளுக்குக் குறையும் இல்லை. கடைசிக் காலத்தில் இந்து மகாசபைக்குத் தலைமை தாங்கப் போனவர் அவர். 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைவராக மேடையில் உட்கார்ந்தபோதும், காந்தியின் ஒத்துழையாமையில் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. அந்த மாநாடே ஒத்துழையாமையை ஏற்றது. தலைவர் ஒரு பக்கம், மாநாடு மறுபக்கம். அப்படியும் ஒரு கட்சி இருந்தது என்று இன்றைய பொதுக்குழு உறுப்பினர்களிடம் சொல்லிப் பாருங்கள். கதை விடாதே என்பார்கள்.

அவருடைய சட்டமன்ற வாழ்க்கைதான் நமக்கு முக்கியம். 1895 முதல் 1901 வரை சென்னை மாகாணச் சட்டமன்றம். 1913 முதல் 1916 வரை டில்லியில் ஏகாதிபத்தியச் சட்டமன்றம். பெயர்தான் சட்டமன்றம். அவர் சென்னைச் சபைக்குப் போனபோது, 1892ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களுக்குக் கொடுத்த அதிகாரம் என்ன தெரியுமா? பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். ஓட்டுப் போட முடியாது. கேள்வி கேட்கலாம், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு. பதில் பிடிக்கவில்லையா, துணைக் கேள்வி கேட்கக் கூடாது. கவர்னர் நினைத்தால் கேள்வியையே தள்ளுபடி செய்யலாம். பெரும்பான்மை எப்போதும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே போய் உட்கார்ந்தார்கள். தெரிந்தே கேட்டார்கள்.

இப்போது நம் ஆட்களைப் பாருங்கள். ஓட்டு இருக்கிறது. துணைக் கேள்வி இருக்கிறது. பெரும்பான்மை இருக்கிறது. மேஜையும் இருக்கிறது. மேஜையைத்தான் முழுதாகப் பயன்படுத்துகிறார்கள். தலைவர் பெயரைச் சொன்னால் தட்டு. தலைவரின் அப்பா பெயரைச் சொன்னால் இன்னும் பலமாகத் தட்டு. அம்மா என்று சொன்ன காலத்தில் குனிந்துகொண்டே தட்டினார்கள். அது தனிக் கலை. துறை மானியக் கோரிக்கையில் பத்து நிமிஷம் பேசக் கிடைத்தால் ஒன்பது நிமிஷம் தலைவருக்கு நன்றி, ஒரு நிமிஷம் தொகுதிக்கு ஒரு பாலம். மசோதாக்களைக் கடைசி நாளுக்குக் குவித்து வைப்பார்கள். ஆம் என்போர் ஆம் என்க. நிறைவேறியது. அடுத்தது. ஆம் என்போர் ஆம் என்க. நிறைவேறியது.

உதாரணம் வேண்டுமா? 2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று ஒரு மசோதா, தொழிற்சாலையில் ஆளை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி செய்வது. மே தினத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது! கூச்சல் கிளம்பியது, நிறுத்தி வைத்தார்கள், பிறகு வாபஸ் வாங்கினார்கள். அதே நாளில் இன்னொரு மசோதா, நிலம் ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு நிலத்தைச் சேர்க்கும்போது நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் கவலைப்படாமல் காரியத்தை முடிக்க வழி சொல்லும் சட்டம். விவாதம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, குரல் வாக்கெடுப்பு என்று பதில் வந்தது. பன்னிரண்டு மணி நேரச் சட்டத்தைத் தொழிற்சங்கங்கள் பார்த்துக் கத்தின. இதைப் பார்த்துக் கத்த வேண்டிய ஏரிக்கு வாய் இல்லை. ஆகஸ்டில் கவர்னரும் கையெழுத்துப் போட்டார். மற்ற மசோதாக்களை மாதக்கணக்கில் அடைகாத்துக்கொண்டிருந்த கவர்னர், இதற்கு ஒப்புதல் தந்தார். எலியும் பூனையும் கட்டிப்பிடித்துக்கொண்டால் நெல் மூட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விஜயராகவாச்சாரியாருக்குத் திரும்புவோம். 1919 மார்ச். ரௌலட் சட்டம் வந்துவிட்டது. டில்லி சபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்கள் எல்லோரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பேசினார். அரசாங்கத்தை எச்சரித்த பேச்சு. பயனில்லை. சென்னையில் கத்தீட்ரல் சாலையில், ராஜாஜி குடியிருந்த வீட்டில், காந்தி வந்து தங்கியிருந்தார். என்ன செய்வது என்று ஆலோசனை. அதில் முக்கியப் பங்கு எடுத்தவர் விஜயராகவாச்சாரியார். சத்தியாக்கிரகம் என்றால் என்ன, எப்படி என்று ஒரு கையேடு எழுதித் தாருங்கள் என்று அவர் கேட்டதைக் காந்தியே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். வக்கீல் புத்தி. போராட்டத்துக்கும் விதிமுறை வேண்டும். அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை காந்திக்கு வந்தது. ஏப்ரல் 6ல் கடையடைப்பு. ஏப்ரல் 13ல் ஜாலியன்வாலா பாக்.

அந்த ரௌலட் சட்டத்தில் அப்படி என்ன இருந்தது? சந்தேகத்துக்கு ஆளானவனை விசாரணை இல்லாமல் கட்டுப்படுத்தி வைக்கலாம். ஓராண்டு வரை. மூன்று பேர் கொண்ட குழு ரகசியமாக அவன் கேசைப் பார்க்கும். அந்தக் குழுவின் முன் அவனுக்கு வக்கீல் கிடையாது.

கொஞ்சம் நில்லுங்கள். மூன்று பேர். ஓராண்டு. வக்கீல் கிடையாது. இதை எங்கே கேள்விப்பட்டோம்?

இத்தனைக்கும் வெள்ளைக்காரன் அந்தச் சட்டத்தை நடைமுறையில் பயன்படுத்தவே இல்லை. கெட்ட பேர் மட்டும் மிச்சம் என்று 1922ல் ரத்து செய்துவிட்டுப் போனான். நாம் அப்படி வீணாக்குகிற ஜாதி இல்லை. தடுப்புக் காவலில் ஆள் அடைப்பதில் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே முதல் வரிசையில் நின்ற மாநிலம் தமிழ்நாடு. இதற்கு மட்டும் ஏனோ ‘முதன்மை மாநிலம்’ என்று முழுப் பக்க விளம்பரம் கொடுப்பதில்லை.

கத்தீட்ரல் சாலை வீட்டின் சொந்தக்காரர் இல்லை ராஜாஜி, குடியிருந்தவர். அவரும் சேலத்து வக்கீல்தான். சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1921 டிசம்பரில் சிறைக்குப் போனார். எந்தச் சிறை? இதே வேலூர் சிறை. மூன்று மாதம். உட்கார்ந்து டைரி எழுதினார். சிறை என்றால் என்ன, ஜெயிலர் என்றால் என்ன, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு படித்த மனிதனின் நாள் எப்படி நகர்கிறது என்பதெல்லாம் அவருக்குக் காகிதத்தில் படித்த சங்கதி இல்லை.

1950 ஜனவரி 26ல் அரசியல் சாசனம் வந்தது. உலகத்தில் உள்ள உரிமை எல்லாம் எழுதினார்கள். 22ஆவது பிரிவில், கைதானவன் தன் வக்கீலைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். எழுதிவிட்டு அதே பிரிவில் சற்றுக் கீழேயே, தடுப்புக் காவல் கைதிக்கு இது பொருந்தாது என்றார்கள். மகாவீர் தியாகி போன்ற சிலர் அரசியல் நிர்ணய சபையிலேயே கொதித்தார்கள். கொதிப்பு அவைக்குறிப்பில் இருக்கிறது. சாசனம் வந்து ஒரு மாதம்தான். பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. குடியரசு என்ற குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் விலங்கு போட்டாயிற்று. சென்னை மாகாணச் சிறையில் கிடந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு. சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றது. நீதிபதி ஃபசல் அலி கடுமையாக மாறுபட்டார். மாறுபட்டவர் சொன்னது சரி என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளாயின.

1951ல் அந்தச் சட்டத்தை நீட்டிக்கும் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? ராஜாஜி. ரௌலட்டை எதிர்க்கத் திட்டம் போட்ட வீட்டில் குடியிருந்தவர். வேலூர் சிறையில் டைரி எழுதியவர்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஜான் ஆடம்ஸ் என்று ஒரு வக்கீல். 1770ல் பாஸ்டனில் மக்களைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, ஊரே காறித் துப்பும்போது, வாதாடினார். யாராக இருந்தாலும் வக்கீல் வேண்டும் என்றார். பெரும்பாலானவர்களை விடுவித்தும் காட்டினார். பிறகு சட்டமன்றம் போனார், புரட்சி செய்தார், ஜனாதிபதியானார். 1798ல் அரசாங்கத்தைத் திட்டி எழுதினால் ஜெயில் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதலில் மாட்டியவர் மேத்யூ லயன், நாடாளுமன்ற உறுப்பினர். ஜனாதிபதியைப் பற்றி எழுதியதற்கு நான்கு மாதம் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். வெர்மான்ட் ஜனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஜெயிலில் இருந்தவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் ஆடம்ஸ் மண்ணைக் கவ்வினார். அந்தச் சட்டமும் காலாவதியாகிச் செத்தது. அங்கே அது மூன்று ஆண்டில் செத்தது; இங்கே தடுப்புக் காவல் பெயரை மாற்றிக்கொண்டு எழுபது ஆண்டுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. மிசா என்று வந்தது. தேசியப் பாதுகாப்பு என்று வந்தது. தமிழ்நாட்டுக்கென்று தனியாகக் குண்டாஸ் என்று வந்தது.

மிசாவைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1976ல் சென்னை மத்திய சிறையில் தி.மு.க.வினர் பட்ட அடி நிஜம். அவர்களில் ஒருவரான சிட்டிபாபு அந்த அடியின் விளைவாகவே செத்தார் என்று அந்தக் கட்சி ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது; நினைவுகூரத்தான் வேண்டும். அப்போது உள்ளே இருந்த இளைஞர்களில் ஒருவர் மு.க. ஸ்டாலின். மிசா கண்டவர் என்பது போஸ்டரில் பட்டமாக வந்தது. நியாயமான பட்டம். விசாரணை இல்லாத சிறை எவ்வளவு அநியாயம் என்று உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டவர் முதல்வராக வந்தால் ஒரு நம்பிக்கை வரத்தானே செய்யும்?

2023ல், அவர் ஆட்சியில், மேல்மா. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும் என்றது அரசு. மேல்மாவும் சுற்றுக் கிராமங்களும் முடியாது என்றன. முப்போகம் விளையும் நிலம் என்றன. ஜூலையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நவம்பரில் கைது. அதன் மேல் ஏழு பேருக்குக் குண்டாஸ். மாவட்டக் கலெக்டர் உத்தரவு. நிலத்தைக் கேட்டுக் கடிதம் போனதும் அரசாங்கத்திடமிருந்து. தர மாட்டேன் என்றவனை அடைக்க உத்தரவு போனதும் அரசாங்கத்திடமிருந்து. தமிழ்நாடே காறித் துப்பியது. சில நாளில் ஆறு பேர் மீதான உத்தரவு ரத்து. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் கருணை என்றார்கள். ஏழாவது ஆளுக்குக் கருணை அந்த மூச்சில் எட்டவில்லை. ஒரு குற்றத்துக்கு ஏழு பேர் ஒரே அளவில் ஆபத்தானவர்கள் என்று எழுதிய அதே அரசாங்கம், ஒரு வாரத்துக்குள் ஆறு பேர் ஆபத்தில்லாதவர்கள் என்று எழுதியது. இரண்டு உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த எம்.எல்.ஏ. கேள்வி கேட்டார்? நிலம் பறிபோகும் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கேட்டதற்குத்தான் உள்ளே போனார்கள்.

அ.தி.மு.க. சிரிக்க வேண்டாம். இந்தச் சட்டம் 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவன், போதைப் பொருள் விற்கிறவன், ரவுடி, விபச்சாரத் தரகன், குடிசை நிலம் பறிக்கிறவன் என்று ஐந்து பேரோடு ஆரம்பித்தது. பிறகு காட்டுக் குற்றவாளியைச் சேர்த்தார்கள். 2004ல் திருட்டு வீடியோக்காரனைச் சேர்த்தார்கள். சினிமாக்காரர்கள் ஆளும் மாநிலத்தில் பின்னே யாரைச் சேர்ப்பார்கள்? மணல் கொள்ளையனைச் சேர்த்தார்கள், மணல் லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2014ல் ஜெயலலிதா ஆட்சியில் பாலியல் குற்றவாளி, இணையக் குற்றவாளி. அத்தோடு முதல் முறை மாட்டியவனையும் அடைக்கலாம் என்றார்கள். பழக்கப்பட்ட குற்றவாளி என்ற சல்லடையிலும் ஓட்டை போட்டாயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேஜை தட்டப்பட்டது. எந்தத் திருத்தத்திலும் வக்கீலை உள்ளே விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

2017 ஜூலை. இடம் சேலம். ஆம், அதே சேலம். எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடிய கதிராமங்கலத்துக்காகவும் நெடுவாசலுக்காகவும் கல்லூரி வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மீது குண்டாஸ். பத்திரிகைத் துறையில் படித்துக்கொண்டிருந்த பெண். அன்றைய முதல்வரும் சேலத்துக்காரர். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. கண்டித்தது. ஆறு ஆண்டு கழித்து மேல்மாவுக்காக அ.தி.மு.க. கண்டித்தது. கண்டன அறிக்கையின் வாசகத்தை இரண்டு கட்சியும் ஒரே பைலில் வைத்திருக்கும் போலிருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கே வக்கீல் உண்டு. ஆனால் மனு பட்டியலில் ஏறி, பதில் மனு வந்து, வாய்தா முடிந்து, தீர்ப்பு வரும்போது ஓராண்டில் பாதிக்கு மேல் போயிருக்கும். தடுப்புக் காவல் உத்தரவோடு கைதிக்கு ஒரு கட்டு தருவார்கள், ஆவணங்களின் நகல். பல நூறு பக்கம் போவதும் உண்டு. அதில் சில பக்கம் படிக்கவே முடியாத ஜெராக்ஸ். சில பக்கத்துக்குத் தமிழாக்கம் இல்லை. இருக்கிற தமிழாக்கம் ஆங்கில மூலத்தோடு ஒத்துப் போகாது. கைதி அனுப்பிய முறையீடு செகரட்டேரியட்டில் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கியது என்று அரசு வக்கீல் விழிப்பார். நீதிபதிகள் உத்தரவை ரத்து செய்வார்கள். குண்டாஸ் உத்தரவுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன. இயந்திரத்தனமாகப் போடாதீர்கள் என்று நீதிமன்றம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உத்தரவு போடத் தெரியாத அரசாங்கம் இல்லை இது. உத்தரவு விழும் என்று தெரிந்தே போடுகிற அரசாங்கம். விழுகிறவரை கிடைக்கிற எட்டு மாதம்தான் அவர்களுக்கு வேண்டியது.

வெளியே வருகிறவன் வேலையை இழந்திருப்பான். பெண் கேட்ட வீட்டார் பின்வாங்கியிருப்பார்கள். பேப்பரில் வந்த ஐந்து வரியை யாரும் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. ரத்தான செய்தி வந்தாலும் பதினோராம் பக்கத்தில் மூலையில் வரும். தவறான உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அதற்குள் அடுத்த மாவட்டத்துக்குப் பதவி உயர்வில் போயிருப்பார். ஏன் போட்டீர்கள் என்று அவரை யாரும் கேட்டதாகச் செய்தி வந்ததில்லை. அடைபட்டவனுக்கு நஷ்டஈடு என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்காக அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்று மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. நகராட்சி நாற்காலியைப் பறித்ததற்கு 1884ல் வெள்ளைக்காரனிடம் கிடைத்தது நூறு ரூபாய். எட்டு மாதத்தைப் பறித்ததற்கு நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மனுவாக எழுதிக் கொண்டு போங்கள். திங்கட்கிழமைதான் வாங்குவார்கள்.